ஆசாரியனின் கண்ணும் அச்சிட்ட படிவமும்

லேவியராகமத்தின் கடைசி அதிகாரம், விவிலியத்தைப் பக்திச் சுவைக்காக வாசிப்பவர்கள் விரைந்து தாண்டிச் செல்லும் வறண்ட பகுதிகளுள் ஒன்று. அங்கே சங்கீதமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. ஒருவன் ஆண்டவனுக்கென்று நேர்ந்துகொண்டதைப் பணம் செலுத்தி மீட்டுக்கொள்ள விரும்பினால் அதற்கு என்ன மதிப்பு வைப்பது என்னும் கணக்கே பெரும்பாலும் விரிந்து கிடக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை நிதானமாகப் படிப்பவனுக்கு ஒரு விசேஷம் புலப்படும். மனிதனை நேர்ந்துகொண்டால் அதற்கு ஓர் அட்டவணை உண்டு: இருபது முதல் அறுபது வயதுக்குட்பட்ட ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30, முதியோருக்கும் சிறுவர்க்கும் அதற்குக் குறைந்த தொகை. வயலை நேர்ந்துகொண்டால் அதற்கு ஒரு சூத்திரம் உண்டு: நிலத்தின் விதைப்பாட்டையும், அடுத்த யூபிலி ஆண்டுக்கு எஞ்சியிருக்கும் வருஷங்களையும் கொண்டு எவரும் கணக்கிட்டுவிடலாம். வீட்டை நேர்ந்துகொண்டாலோ அட்டவணையும் இல்லை, சூத்திரமும் இல்லை. ஆசாரியன் அதைப் பார்த்து, அதன் நன்மை தீமையை நிதானித்துச் சொல்ல வேண்டும். அவன் சொன்னதே மதிப்பு.

இந்த வேறுபாடு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதனுக்கு அட்டவணை வைத்ததன் நோக்கம், ஒரு மனிதனை இன்னொரு மனிதனோடு ஒப்பிட்டு, இவன் வலியவன், அவன் மெலிந்தவன், இவன் குலம் பெரிது, அவன் குலம் சிறிது என்று ஆசாரியன் எடைபோடுவதற்கு இடம் வைக்கக் கூடாது என்பதாகவே இருக்க வேண்டும். (ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே அந்த அட்டவணை காட்டும் பேதம் நம் காலத்து நியாயத்துக்கு ஒவ்வாது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை.) வயல் விளைச்சலால் அளக்கப்படுவது, ஆகையால் அதற்குச் சூத்திரம் போதும். வீடு அப்படியல்ல; அது மண்ணும் மரமும் மட்டுமன்று, கட்டியவனுடைய கைத்திறமும், குடியிருந்தவனுடைய சிரத்தையும் அசிரத்தையும், மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்பதும், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்பதும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் ஒரு தனிப்பொருள். அதைக் கண்ணால் கண்டு விவேகத்தால் நிதானிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பழைய தர்ம நூல் ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்புதலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முயற்சி ஒன்று இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்து வருகிறது. அதனால் மனம் புழுங்குகிறவர்கள், குடியிருப்பு வீடுகளை மதிப்பிடுவதைத் தொழிலாகக் கொண்ட மதிப்பீட்டாளர்கள். அந்த நாட்டில் ஒருவர் கடன் வாங்கி வீடு வாங்கும்போது, கடன் கொடுப்பவர் அந்த வீடு கடனுக்கு ஈடாகுமா என்று அறிய உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்துவது வழக்கம். கடன் கொடுத்தவரோ அந்தக் கடன் பத்திரத்தைப் பெரும்பாலும் தம்மிடமே வைத்துக்கொள்வதில்லை; 1938இல் ஏற்பட்ட ஃபானி மே, 1970இல் ஏற்பட்ட ஃபிரெடி மாக் என்னும் இரு பெரும் நிறுவனங்களுள் ஒன்றுக்கு விற்றுவிடுகிறார். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நிதி நெருக்கடியின் நடுவே அரசாங்கத்தின் பாதுகாவலுக்குள் வந்த இந்த இரு நிறுவனங்களும் மதிப்பீட்டு அறிக்கை இன்ன வடிவில் இருக்க வேண்டும் என்று விதித்தால், எந்தச் சட்டசபையும் கூடி நிறைவேற்றாத அந்த விதி, அந்நாட்டு மதிப்பீட்டாளர்களில் பெரும்பாலோருக்குச் சட்டமாகவே ஆகிவிடுகிறது.

2009 ஏப்ரல் மாதத்தில் சந்தை நிலவரம் பற்றிய ஒரு கூடுதல் படிவம் வந்தது. சுற்று வட்டாரத்தில் எத்தனை வீடுகள் விற்றன, எத்தனை விலை கூறப்பட்டு நிற்கின்றன என்பதை ஏழு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு முன், நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு முன், கடந்த மூன்று மாதங்களில் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து எண்ணி எழுதி, சந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறியிட வேண்டும். நெருக்கமான புறநகர்ப் பகுதியில் இது செய்யக்கூடியதே. ஆனால் வருஷத்தில் மூன்று வீடுகளே கைமாறும் கிராமப்புறத்தில், ஒரு கட்டத்தில் ஒன்று, மறு கட்டத்தில் இரண்டு, கடைசிக் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, அதிலிருந்து சந்தையின் போக்கை உரைக்கும்படி கேட்பது, மூன்று சொற்களைக் காட்டி ஒரு மொழியின் இலக்கணத்தைச் சொல்லச் சொல்வதைப் போன்றது. ஒன்பது ஆண்டுகள் நிரப்பப்பட்ட பிறகு, 2018இல், ஃபானி மே அந்தப் படிவத்தைக் கட்டாயம் என்னும் நிலையிலிருந்து விடுவித்தது. அது தேவையா என்று முதலிலேயே கேட்டவர்களுக்கு அதனால் கிடைத்த ஆறுதல் சொற்பமே.

2011 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வந்த மாறுதல் இன்னும் ஆழமானது. அதுவரை மதிப்பீட்டாளர் வீட்டின் நிலையை ‘நன்று’, ‘சாதாரணம்’, ‘சுமார்’ என்று மனிதர் பேசும் சொற்களால் எழுதிவந்தார். இனி அப்படி எழுதலாகாது. புத்தம் புதிதாய்க் கட்டி இன்னும் எவரும் குடியேறாத வீடு சி-1. பாதுகாப்பையும் உறுதியையுமே பாதிக்கும் அளவுக்குச் சேதமுற்ற வீடு சி-6. உலகத்து வீடுகள் எல்லாம் இந்த இரு முனைகளுக்கிடையே உள்ள படிகளில் ஒன்றில் நின்றாக வேண்டும். கட்டுமானத் தரத்துக்கும் அதைப் போலவே கியூ-1 முதல் கியூ-6 வரை ஆறு படிகள். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க அனுமதி இல்லை. படிகள் ஒப்பீட்டால் ஆனவையும் அல்ல. இந்தத் தெருவில் இது நல்ல வீடு என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை, எந்தத் தெருவானாலும் எந்த ஊரானாலும் சி-4 என்றால் சி-4 தான். ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிக்கும் குறியீடு உண்டு: நீர்நிலை, மேய்ச்சல் வெளி, காடு, பூங்கா, மலை, தொழிற்சாலை, மின்கம்பித் தொடர் என்பவற்றுள் இன்னது என்று சுட்டி, அது வீட்டுக்கு அனுகூலமா, பாதகமா, இரண்டுமில்லையா என்று ஓரெழுத்தால் தீர்ப்பளிக்க வேண்டும். மலைக் காட்சிக்காக ஆயுட்காலச் சேமிப்பைச் செலவிடுபவரும், மலை வெயிலை மறைக்கிறதே என்று சலித்துக்கொள்பவரும் ஒரே ஊரில் இருக்கக்கூடும் என்பது அந்த எழுத்துக்குத் தெரியாது.

2022 ஏப்ரல் முதல் ஃபானி மே, அமெரிக்க தேசியத் தரநிலைக் கழகத்தின் அளவை முறையையே பின்பற்றி வீட்டின் பரப்பை அளக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அளவுக்கு ஒரே முறை வேண்டும் என்பதில் எவருக்கும் ஆக்ஷேபம் இருக்க முடியாது. ஒரே வீட்டை இருவர் அளந்து இருவேறு சதுர அடி சொன்னால் அது தொழிலுக்கே இழுக்கு. ஆனால் அந்த முறைப்படி, ஒரு தளத்தின் எந்தப் பகுதியேனும் தரைமட்டத்துக்குக் கீழே போனால் அந்தத் தளம் முழுவதுமே நிலத்தடித் தளமாகக் கணக்கிடப்படும். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணில் புதைந்திருக்க, முன்புறம் முழுவதும் கண்ணாடிக் கதவுகளாய்த் திறந்து, வெயிலும் காற்றும் தடையின்றி வந்து, குடும்பமே நாள் முழுவதும் புழங்கும் கீழ்த்தளம் ஒன்று இருப்பது சகஜம். வாங்குபவரும் விற்பவரும் அதை வீட்டின் நல்ல பாகமாகவே மதிக்கிறார்கள். அறிக்கையோ அதை நிலத்தடி அறை என்று வேறு வரிசையில் ஒதுக்கிவைக்கிறது. மதிப்பீட்டாளர் அதற்குரிய மதிப்பைத் தனியே எடுத்துக்காட்டலாம் என்பது உண்மை. ஆனால் தலைப்பில் நிற்கும் எண் சிறுத்துவிட்டதே என்று முறையிடும் வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் விதியை வகுத்தவர் அல்லர்.

இப்போது வருவது இவை எல்லாவற்றுக்கும் சிகரம். தனிவீட்டுக்கு ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒன்று என்று 2005ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த தனித்தனிப் படிவங்கள் மறைந்து, வீட்டுக்குத் தக்கபடி விரிந்தும் சுருங்கியும் கொள்ளும் ஒரே அறிக்கை அவற்றின் இடத்தில் வருகிறது. வீட்டின் வெளிப்புறத்துக்கு ஒரு நிலைக் குறியீடு, உட்புறத்துக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து மொத்தத்துக்கு ஒன்று. பழுதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பட்டியலில் ஏற வேண்டும். 2025 செப்டம்பரில் குறைந்த அளவில் தொடங்கிய இம்முறை, 2026 நவம்பர் 2 முதல் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. வேலை நேரம் கூடுகிறது, கணினி மென்பொருளுக்குப் புதிதாய்ச் செலவாகிறது, கூலி மட்டும் கூடவில்லை என்னும் முறையீடுகள் இருக்கின்றன; அவை நியாயமானவையே, ஆனால் எந்தத் தொழிலிலும் எழுபவை. நான் எடுத்துக்கொண்டது அவற்றின் அடியில் கிடக்கும் வேறொரு கேள்வி: ஒரு மனிதனுடைய நிதானிப்பை விதியாக மாற்ற முடியுமா, மாற்றினால் அந்தத் தீர்ப்புக்குப் பொறுப்பாளி யார்?

முதற் பாதிக்குத் தத்துவ ஞானிகள் நெடுங்காலத்துக்கு முன்பே விடையளித்திருக்கிறார்கள். பொருளின் இயல்பு எவ்வளவு நுட்பத்துக்கு இடம்கொடுக்குமோ அவ்வளவு நுட்பத்தையே அதில் தேடுவது கற்றவனுக்கு அழகு என்று கருதிய அரிஸ்டாட்டில், நீதியைப் பற்றிப் பேசும் இடத்தில், லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் கையாண்ட ஈயத்தால் ஆன அளவுகோலை உதாரணமாகக் காட்டுகிறார். அது கல்லின் வடிவத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுப்பது. பொதுவிதி எட்டாத இடத்தில் அறிவுடையவனின் நிதானம் அப்படி வளைந்து கொடுத்தே நீதியை நிலைநாட்டுகிறது என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நியாயமான விலை எது என்று ஆராய்ந்த தாமஸ் அக்குவினாஸ், அது ஊசிமுனை போன்ற ஒரு புள்ளியன்று, ஒருவகை மதிப்பீட்டிலேயே அது அமைகிறது என்றும், சிறிது ஏறினாலும் இறங்கினாலும் நீதி கெட்டுவிடாது என்றும் கண்டார். கான்ட் இன்னும் கூர்மையாகச் சொன்னார்: விதியைப் பொருத்துவதற்கு ஒரு விதி வேண்டுமென்றால், அந்த விதியைப் பொருத்துவதற்கு இன்னொரு விதி வேண்டும், அதற்கு முடிவே இல்லை; ஆகையால் நிதானிக்கும் ஆற்றல் பயிற்சியால் வளர்வதேயன்றிப் பாடமாகக் கற்பிக்கத் தக்கதன்று. சி-3 என்பதற்கும் சி-4 என்பதற்கும் இலக்கணம் எழுதியவர்கள், ‘சிறிதளவு’ பராமரிப்புக் குறைவு என்றும் ‘இயல்பான’ தேய்மானம் என்றும் எழுத நேர்ந்ததைக் கவனித்தால், கான்ட் சொன்னது கண்கூடாக விளங்கும். ‘சிறிதளவு’ என்பது எவ்வளவு? அதைச் சொல்ல மறுபடியும் ஒரு மனிதன் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டாளரின் தொழில்நெறி நூலே மதிப்பீடு என்பது மதிப்பைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் என்றுதான் இலக்கணம் கூறுகிறது. அபிப்பிராயம் எப்போது பிரமாணமாகும்? நம் நாட்டு நியாய சாஸ்திரம் இக்கேள்வியை எடுத்து ஆராய்ந்தது போல் வேறெதுவும் ஆராய்ந்ததாக நான் அறியேன். பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை அது ஒப்புக்கொள்ளும். மதிப்பீட்டாளர் வீட்டைக் கண்ணால் காண்கிறார். சுவருக்குள்ளே இருக்கும் குழாயின் நிலையைக் கூரைக் கறையிலிருந்து அனுமானிக்கிறார். அண்மையில் விற்ற வேறு வீடுகளோடு ஒப்பிடுகிறார் — சாஸ்திரம் கூறும் உபமானம் இதைவிடக் குறுகியது என்று பண்டிதர்கள் திருத்துவார்கள், திருத்தட்டும். பிறகு இவை யாவற்றையும் சொல்லாக்கித் தருகிறார். வீட்டைப் பாராமலே பல்லாயிரம் மைல் தொலைவில் கடன் பத்திரத்தை வாங்குகிறவருக்குக் கிடைப்பது சப்தப் பிரமாணம் ஒன்றே. சப்தம் பிரமாணமாவது ஆப்தனுடைய சொல்லாய் இருக்கும்போதுதான். ஆப்தன் யார்? பொருளை நேரில் கண்டறிந்தவன். கண்டதைக் கண்டபடியே பிறருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் விருப்பத்தால் பேசுகிறவன். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்று பாஷியகாரர் வாத்ஸ்யாயனர் தாராளமாக எழுதிவைத்திருப்பதால், ஓஹாயோவிலோ டெக்சாஸிலோ இருக்கும் ஒரு மதிப்பீட்டாளரை அந்த வரம்புக்குள் கொண்டுவருவதில் சாஸ்திர விரோதம் ஒன்றுமில்லை.

கண்டறிதல், கண்டபடி சொல்லும் விருப்பம் என்னும் இவ்விரண்டில் எது குலைந்தாலும் ஆப்தன் ஆப்தனல்லன். அமெரிக்க மதிப்பீட்டுத் தொழிலின் சரித்திரத்தில் இரண்டுமே குலைந்திருக்கின்றன என்பதை, முறையிடுகிறவர்கள் மறக்கலாகாது.

சொல்லும் விருப்பம் குலைந்த கதை அண்மைக் காலத்தது. கடன் பேசி முடித்தவருக்கு விற்பனை நடந்தால்தான் தரகு. விற்பனை நடக்க வேண்டுமானால் மதிப்பீட்டில் குறித்த தொகை வந்தாக வேண்டும். ஆகையால் வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே வேண்டிய தொகை மதிப்பீட்டாளரின் காதில் ஓதப்பட்டது. இணங்க மறுத்த நேர்மையாளர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். மதிப்பீட்டாளர் சங்கங்கள் சேர்ந்து 2000 முதல் 2007 வரை, இந்த நிர்ப்பந்தத்தை எடுத்துரைக்கும் ஒரு விண்ணப்பத்தைச் சுற்றுக்கு விட்டு வாஷிங்டன் அதிகாரிகளுக்கு அனுப்பின. பெயரும் முகவரியும் எழுதி அதில் கையொப்பமிட்ட மதிப்பீட்டாளர்கள் 11,000 பேர். பின்னாளில் நிதி நெருக்கடியை விசாரித்த குழுவின் அறிக்கையிலும் இது பதிவாகியிருக்கிறது. நெருக்கடி வெடித்தது அதற்குப் பிறகு. இங்கே ஒரு நுட்பத்தைக் காண வேண்டும்: அன்று கெட்டது மதிப்பீட்டாளரின் அளவுகோல் அன்று, அவரைச் சூழ்ந்திருந்தவர்களின் பேராசை. அதற்கு நேரான மருந்து, கடன் விற்பவர் மதிப்பீட்டாளரை நெருங்காமல் தடுப்பது. 2009 மே மாதத்து விதிகளும், அவற்றின் பின்வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த மருந்தை ஓரளவு கொடுத்தன. நோய் கடன் கொடுத்தவரிடம் இருக்க, குறியீடுகள் என்னும் பத்தியம் மட்டும் மதிப்பீட்டாளருக்கு விதிக்கப்பட்டது என்று அவர்கள் நோவதில் நியாயம் இருக்கிறது.

கண்ணே கெட்ட கதை அதைவிடப் பழையது, அதைவிடக் கொடியது. ஹோமர் ஹாய்ட் 1933இல் வெளியிட்ட சிகாகோ நில மதிப்பு பற்றிய ஆய்வு நூலில், எந்த இனத்தார் குடியேறினால் நிலத்தின் மதிப்பு உயரும், எவர் குடியேறினால் தாழும் என்று இனங்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் இடம்பெற்றிருக்கிறது. அதன் கடைசியில் கறுப்பினத்தவரும் மெக்சிகோ நாட்டவரும் நிறுத்தப்பட்டிருந்தார்கள். 1930களின் பிற்பகுதியில் வீட்டுடைமையாளர் கடன் கழகம் என்னும் அரசாங்க ஸ்தாபனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை நான்கு தரமாகப் பிரித்து, ஏ-க்குப் பச்சை, பி-க்கு நீலம், சி-க்கு மஞ்சள், டி-க்குச் சிவப்பு என்று வர்ணம் தீட்டி வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டைகள் அநேகமாக எல்லாமே சிவப்பாயின. மதிப்பீட்டுத் தொழிலின் பாடநூல்களில் இக்கொள்கை பல்லாண்டு வேரூன்றி நின்றது. 1968இல் இனபேதமற்ற குடியிருப்புச் சட்டம் வந்த பின்னும் அது அகலாமையால், 1976இல் அமெரிக்க நீதித்துறை மதிப்பீட்டாளர் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்து மறுவருஷம் சமரசம் கண்டது. மனிதனுக்கு மனிதன் வித்தியாசம் பாராட்டாமல் லேவியராகமம் எதற்கு அட்டவணை போட்டதோ, அதற்கு நேர்மாறாக, மனிதரைத் தரம் பிரிப்பதற்கென்றே இவர்கள் அட்டவணை போட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தைக் காட்டித்தான் இன்றைய விதிகளை ஆதரிப்பவர்கள் பேசுகிறார்கள்: மனிதக் கண்ணை நம்பினோம், அது இனத்துவேஷத்தைக் கண்டது, இனிக் குறியீட்டை நம்புவோம். கேட்பதற்கு எடுப்பான வாதம். ஆனால் அந்த 1930களின் ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பவர் ஒன்றைக் காண்பார். ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் அச்சிட்ட விவரப் படிவம் இருந்தது. அதில் அந்நிய நாட்டில் பிறந்தோர் சதவீதம் எவ்வளவு, கறுப்பினத்தவர் சதவீதம் எவ்வளவு, எவருடைய ஊடுருவல் நடந்து வருகிறது என்று அச்சிலேயே கேள்விகள் இருந்தன. உத்தியோகஸ்தர் கோடிட்ட இடங்களை நிரப்பினார், கடைசியில் ஓர் எழுத்தைத் தரமாக இட்டார். துவேஷத்தைப் படிவம் தடுத்து நிறுத்தவில்லை. துவேஷத்துக்கு மரியாதையான உடையை உடுத்தி, தேசம் முழுவதும் ஒரே சீராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததே படிவம்தான். ஒரு தனி மனிதனின் தீய கண் ஒரு தெருவைக் கெடுத்திருக்கும். அந்தக் கண் படிவமானபோது இருநூறு நகரங்கள் கெட்டன. ஆகவே, மனிதன் தவறுவான், ஆகையால் படிவம் என்னும் முடிவு, பிரச்சினையைத் தீர்ப்பதற்குப் பதிலாக, படிவம் எழுதுகிறவர் யார், அவரை விசாரிப்பவர் யார் என்னும் இடத்துக்கு அதைத் தள்ளிவைக்கிறது.

அப்படியானால் புதிய விதிகள் யாவும் வேண்டாதவையா? அப்படிச் சொல்வது எனக்குச் சம்மதமன்று. பழுதுகளைப் பொதுப்படையாய்ச் சொல்லாமல் ஒவ்வொன்றாய்ப் பட்டியலிடு, அறைகளைப் புகைப்படம் எடு, சுவரை ஒரே முறைப்படி அள என்று கேட்பவை, ஆப்தனின் முதல் இலக்கணமாகிய கண்டறிதலை வலுப்படுத்துகின்றன. சோம்பலாய்ப் பார்க்கிறவனைக் கூர்ந்து பார்க்கச் செய்கின்றன. இவற்றையும் சேர்த்து வெறுக்கிற மதிப்பீட்டாளர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார். கண்டதிலிருந்து எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதில் கை வைக்கும் விதிகள் வேறு வகையானவை. அங்கேதான் தர்மசங்கடம் எழுகிறது.

2015 முதல் ஃபானி மே, தன்னிடம் வரும் அறிக்கைகளைக் கணினியால் சோதித்து, ஒன்று முதல் ஐந்து வரை அபாய எண் இடும் ஏற்பாடு ஒன்றை வெளியாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அதே வீட்டுக்கு வேறு மதிப்பீட்டாளர்கள் முன்பு சி-4 என்று எழுதியிருக்க, இவர் சி-3 என்று எழுதினால் அது எச்சரிக்கைக் குறிப்பு எழுப்பும். எச்சரிக்கை எழுப்புவதில் தவறில்லை. முன்னவர் தவறினாரா இவர் தவறினாரா என்று ஆராய்வதற்கு அது உதவலாம். ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் ஒருவர், விளக்கம் கேட்டு அறிக்கை திரும்பி வரும் என்றும், திரும்பி வந்தால் நாள் வீணாகும் என்றும், அடிக்கடி திரும்பினால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போகும் என்றும் அறிந்தவர், என்ன செய்வார்? தம் கண்ணுக்குச் சி-3 என்று பட்டதை, முன்னவர் எழுதினார் என்பதற்காகச் சி-4 என்று எழுதிவிடுவார். அவர் எழுதியது பொய் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள எல்லை அவ்வளவு மங்கலானது. ஆயினும் அது அவர் கண்டதன்று. முன்பு வேண்டிய தொகையைக் காதில் ஓதிய தரகரின் இடத்தில், வேண்டிய குறியீட்டைக் காட்டும் இயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்னவர் எழுதியதும் அவருக்கு முன்னவர் எழுதியதைப் பார்த்துத்தான் என்றால், அந்த வீட்டை உண்மையில் பார்த்தவர் எவருமே இல்லை என்று ஆகிவிடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிக்கையின் முடிவில் இருபதுக்கு மேற்பட்ட உறுதிமொழிகள் அச்சாகியிருக்கின்றன. நான் நேரில் பார்த்தேன், பக்கச்சார்பின்றி நிதானித்தேன், எவரும் முன்கூட்டி நிர்ணயித்த முடிவை எழுதவில்லை என்று மதிப்பீட்டாளர் அவற்றில் சத்தியம் செய்கிறார். அவற்றுள் ஒரு சொல்லையும் நீக்கவோ மாற்றவோ அவருக்கு அதிகாரமில்லை. பிறர் எழுதிய வாசகத்தால் தன் மனச்சாட்சியைப் பிணைத்துக்கொள்வது சமய வாழ்க்கையில் புதிதன்று. பிரார்த்தனைகளும் விவாக மந்திரங்களும் அப்படிப்பட்டவையே. ஆனால் மந்திரத்தை எழுதிய ரிஷி, நீ இன்னவளைத்தான் நேசிக்க வேண்டும் என்று மணமகனுக்குக் குறியீடு கொடுப்பதில்லை. இங்கே தீர்ப்பின் சொற்களும் படிவத்தினுடையவை, தீர்ப்பின் வரம்பும் படிவத்தினுடையது, முரண்பட்டால் கண்டிப்பதும் படிவத்தின் இயந்திரம். பொறுப்பு மாத்திரம் முழுவதுமாய் மனிதனுடையது. பின்னால் வழக்கு வந்தால் கூண்டில் ஏறுபவர் அவர். உரிமத்தை இழப்பவரும் அவர். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காகிதங்களைக் காத்துவைக்கக் கடமைப்பட்டவரும் அவரே. அதிகாரத்தை ஒரு கையால் எடுத்துக்கொண்டு பொறுப்பை மறு கையால் விட்டுவைப்பது எந்தச் சமயத்தின் தர்மத்திலும் நியாயமாகாது. ஆசாரியன் மதித்ததே மதிப்பு என்று சொன்ன பழைய விதி, அதிகாரத்தையும் பழியையும் ஒரே ஆசாமியின் தலையில் வைத்தது. அந்த ஒரு விஷயத்தில் அது நமது விதிகளைவிட நேர்மையானது.

புதிய அறிக்கையில் ஒவ்வொரு பகுதியிலும் மதிப்பீட்டாளர் தம் சொந்தச் சொற்களால் விளக்கம் எழுதுவதற்கு இடம் விடப்பட்டிருக்கிறது என்று அறிகிறேன். அந்த இடத்தைச் சுருக்காமல் பயன்படுத்துங்கள் என்று மதிப்பீட்டாளரை வேண்டிக்கொள்வேன்: சி-4 என்று எழுத நேர்ந்தால், ஏன் அது சி-3க்கு அருகில் நிற்கிறது என்று அதன் கீழே எழுதுங்கள், படிப்பவர் இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அறிக்கையைப் பெறும் நிறுவனங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிறருடைய குறியீட்டோடு ஒத்துவரவில்லை என்னும் ஒரே காரணத்துக்காக ஓர் அறிக்கையைத் திருப்பி அனுப்பும் அதிகாரி, அந்த வீட்டைத் தாம் பார்த்ததில்லை என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே தம் பெயரைக் கையொப்பமிட்டு அனுப்பும்படி விதியில் சேர்த்துவிடுங்கள். மதிப்பீட்டாளரிடமிருந்து இருபதுக்கு மேற்பட்ட உறுதிமொழிகளை வாங்குகிறவர்கள், தாங்கள் ஒன்றே ஒன்றைக் கொடுப்பது அதிகமாகாது.